அப்பா சொன்னது அது இல்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தம்பியும் இங்கே சுகம். நீ சுகமா என்று கேட்கவில்லை, குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு குளியலறையில் அழுகிறாய் என்று மாப்பிள்ளை போனில் சொல்லிவிட்டார். குழந்தைக்காக மூன்று தடவை ஊசி மருந்து என்று பாடுபட்டாய், மூன்றும் தங்கவில்லை, இனி முடியாதும்மா என்றாய். இப்போது நாலாவது தடவைக்குச் சரி என்றாயாமே. பேரப்பிள்ளை முகம் பார்ப்பதுதான் அப்பாவின் கடைசி ஆசை என்று அத்தை உனக்குச் சொன்னாளாம். ஆஸ்பத்திரியில் பதினோரு நாளும் பக்கத்தில் இருந்தவள் நான், அவள் வந்தது ஒரு நாள், அன்றைக்கும் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இங்கேயும் வந்து, போன அண்ணனுக்காகவாவது அவள் இன்னொரு தடவை பார்க்கக் கூடாதா அண்ணி என்று ஆரம்பித்தாள். அவர் போய் இந்த நாலு மாசமாக யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தவள் நான். "என் பொண்ணு வயிறு என்ன உன் வீட்டு ஜன்னலா, நெனச்சப்போ எட்டிப் பாக்க? அவர் பேரைச் சொல்லி இனிமே அவளுக்கு போன் பண்ணாதே" என்று சொல்லிவிட்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள், போகட்டும்.

தப்பு என்னுடையதும்தான். அவர் நிஜமாகச் சொன்னதை உன்னிடம் மறைத்தேன், சொன்னால் நீ விட்டுவிடுவாய் என்று பயம், எனக்கும் ஆசை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒன்பதாம் நாள் மத்தியானம் நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் போனதும் கையைத் தேய்த்துக்கொண்டே, "இதுக்கே எனக்கு இப்படி வலிக்குது, அவ தினமும் வயித்துல குத்திக்கிறா. போதும்னு தோணினா விட்டுடச் சொல்லு, அவ நல்லா இருந்தாப் போதும்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. படி ஏறினாயா, கனம் தூக்கினாயா என்று, மூன்றாவதும் தங்காமல் போன அன்றைக்கு நான் உன்னைத் துளைத்தேனே, அது என் மடத்தனம், உன் மேல் ஒரு குறையும் இல்லை. எங்கள் தையல் கம்பெனியில் பக்கத்து மிஷின்காரியும் இதையெல்லாம் பட்டவள்தான், மனசு விட்டுப் பேச, குழந்தைக்காகப் போகிற ஆஸ்பத்திரியிலேயே ஒரு அம்மா இருப்பார்கள், போகச் சொல் என்றாள். போ, அது பைத்தியத்துக்கு வைத்தியம் இல்லை. இன்னொரு தடவை வேண்டும் என்று உனக்கே தோன்றினால் லீவு போட்டு வந்து கூட இருக்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம், கேட்கிறவர்களுக்கு என் நம்பரைக் கொடு, இருபது மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை இது.

மாப்பிள்ளையைத் திட்டாதே, நல்லதுக்குத்தான் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடு. நீ நீயாக நிம்மதியாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம், உன் அப்பாவுடையதும் அதுதான்.

இப்படிக்கு,
உன் பக்கம் நிற்கும் அம்மா