தம்பி வரைந்த கடைசிப் படம்

செவ்வாய், இரவு ஒன்றரை

தம்பி, இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் அழுது தூங்கினாள். நம் சித்திரக்கதை நோட்டில் நீ இறப்பதற்கு முன் வரைந்த கடைசிப் படத்தை எடுத்துவிட்டாள். அதில் புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி ரயில் நிலையத்தில் நாம் இருவரும் நிற்கிறோம். படம் உன் வேலை, பேச்சு என் வேலை. ஒரு வருடமாக என்னால் எழுத முடியாமல், நம் தலைக்கு மேல் உள்ள இரண்டு பேச்சுக் குமிழ்களும் காலியாகவே இருந்தன. என்னுடையதில் கிரேயானால் “சாப்டியா?” என்று எழுதியிருக்கிறாள். அவளை அடித்துவிட்டேன்.

“மாமாகிட்ட நீங்க பேசவே மாட்டேங்கிறீங்க லா. அதான்மா.”

நான் உன்னைத் தினமும் கேட்டதும் அந்த “சாப்டியா?”தான். உன் குமிழில் நான் எழுத மாட்டேன். சாப்பிட்டாயா என்று நீயே சீக்கிரம் பதில் சொல்.