நூற்று இருபத்திரண்டு சென்ரிமீற்றர்

ஜூன் 3, செவ்வாய்

சோளகக் காற்று. மேசை முழுக்கத் தூசி. கிணற்று மோட்டர் திருத்தக் கொடுத்தாயிற்று.

பத்திரிகை அலுவலகத்தில் ஓர் அழைப்பிதழ். வெள்ளியன்று கிளிநொச்சியில் புதிய ஒளியியல் ஆய்வுகூடம். திறப்பவர் என் தங்கையின் பழைய பேராசிரியர். அவரேதான். வாயு லேசர் பற்றிச் சிறப்புரை. அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பழைய லேசர் குழாயும் பார்வைக்கு.

இரண்டு தடவை வாசித்தேன். பிறகு தேநீர். பத்தொன்பது வருடம் காத்திருந்தவனுக்கு மூன்று நாள் பெரிதில்லை.

ஜூன் 4, புதன்

தர்மபுரம். தங்கை திலகா வயலிலிருந்து வந்தாள், கால் முழுக்கச் சேறு. அழைப்பிதழைக் காட்டினேன்.

"பேசிப் பேசிச் சேருக்கு இன்னும் தொண்டை அடைக்கேல்லையோ?"

அலுமாரியிலிருந்து பழைய கொப்பியை எடுத்தாள். அவருக்குக் கீழே ஆய்வு செய்த காலத்துக் குறிப்புக் கொப்பி. போரில் எத்தனையோ இடப்பெயர்வு. வீட்டை விட்டாள், இதை விடவில்லை.

பிழை வரக்கூடாதென்று அவளிடம் கேட்டு எழுதியவை:

– குழாயின் இரு முனையிலும் கண்ணாடி. ஒளி இடையில் போய்வந்து வலுக்கும்.
– போகப்போக ஒளி தானாக விரியும், ஓரங்கள் குழாயில் வெட்டுப்படும். இதற்குப் பெயர் கோணல் (விளிம்பு விளைவு).
– மின் பாயும்போது நடுவில் வாயு கூடச் சூடாகி ஐதாகும், அடர்த்தி குறையும். அப்போது வாயுவே ஒரு வில்லை (லென்ஸ்). ஒளியை இன்னும் விரிக்கும்.
– கோணலால் எவ்வளவு, வாயுவால் எவ்வளவு என்று பிரித்துக் காட்டியவள் திலகா. அந்தக் கணக்குக்குக் கண்ணாடிகளின் இடைத்தூரம் தேவை.

பிழை அந்தத் தூரத்தில். உருக்கு அடிமட்டத்தை, அங்கிருந்த ஒரே அளவுகோலை, பேராசிரியர் தன் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். அம்மாவின் தையல் நாடாவால் அளந்தாள். 122. விடுமுறையில் வீட்டுக்கு வந்த நேரம், போரால் பாதை மூடப்பட்டது. பிறகுதான் அம்மா சொன்னார்: முனை நைந்து போனதால் நாடாவின் முதல் இரண்டு சென்ரிமீற்றரை வெட்டி எறிந்தாராம். கொப்பி ஓரத்தில் திலகாவின் எழுத்து: "அம்மாவின் நாடா. 2 கழிக்க. சேருக்குச் சொல்ல வேண்டும்."

சொல்ல வழியில்லை. அவள் எழுதிய ஆய்வின் நல்ல பிரதி அவர் மேசையில் கிடந்தது. அடுத்த வருடம் அவர் பெயரில் மட்டும் கட்டுரையாக வந்தது. 122 என்றே.

"அவர் தலைகுனியிறதை நான் பாக்கவேணும், அண்ணா."

"நான் கேள்வி மட்டும்தான் கேப்பன்."

"நீங்கள் கேட்டு முடிக்க அவர் பென்சன் எடுத்திடுவார்."

ஜூன் 5, வியாழன்

கிளிநொச்சி ஆய்வுகூடம். குழாய் வந்துவிட்டது. கண்ணாடிகள் அதோடு ஒட்டியவை, அசையாதவை. ஆய்வுகூட உதவியாளரை அளக்கச் சொன்னேன்.

"சரியா நூற்றி இருபது, அண்ணை. ஏன், வாங்கப் போறியளோ?"

"பேப்பரில விக்கப் போறன்."

படம் எடுத்தேன். அடிமட்டம் தெளிவாகத் தெரிகிறது. நல்ல நித்திரை வரும்.

ஜூன் 6, வெள்ளி

மண்டபம் நிறைய. மின்விசிறி இரண்டு வேலை செய்யவில்லை. வடை உப்பு.

கேள்வி நேரம். என் பழைய முறை: பதில் தெரிந்ததையே கேட்பது, சிறிது சிறிதாக, ஒலிப்பதிவு ஓட.

"சேர், கண்ணாடிகளின்ர இடைத்தூரம் முக்கியமோ?"

"அதுதான் தம்பி அத்திவாரம்."

"ஆர் அளந்தது?"

"நான்தான். வேற ஆர்?"

"எதாலை?"

"உருக்கு அடிமட்டத்தால. அரை மில்லிமீற்றரும் பிசகாது."

கைதட்டல். நானும் தட்டினேன்.

பிறகு சொன்னேன்: காட்சிப் பெட்டிக்குள் கிடக்கும் குழாயில் 120, கட்டுரையில் 122. கொப்பியை உயர்த்தி, ஓரத்து வரியை ஆறுதலாக, சொல் சொல்லாக வாசித்தேன்; அம்மா நாடாவை வெட்டிய கதையையும் சொன்னேன். அந்தக் கொப்பி ஆருடையது என்று பேராசிரியர் கேட்டார்.

"உங்களிட்டப் படிச்ச என்ர தங்கச்சியின்ர."

பின்வரிசையில் ஒரு மாணவி: "அப்ப சேரின்ர உருக்கு அடிமட்டத்தையும் அம்மாதான் வெட்டினவவோ?"

மண்டபமே சிரித்தது. பேராசிரியர் தண்ணீர் கேட்டார். தலை குனிந்தபடியே குடித்தார். கண்ணை எடுக்காமல் பார்த்தேன், அழைப்பில்லாத திலகாவுக்கும் சேர்த்து.

ஜூன் 7, சனி

செய்தி ஆசிரியரிடம் போய்விட்டது. நாளை முதல் பக்கம். மோட்டர் இன்னும் வரவில்லை.

மத்தியானம் திலகா வீட்டில். மீன் குழம்பு. பேராசிரியர் தொலைபேசியில் அழைத்தார். அவளுக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"தம்பி, அதை நிப்பாட்டுங்கோ. அந்தக் கட்டுரையைப் புத்தகமாப் போடப் போறன். நன்றி சொல்லுற பக்கத்தில தங்கச்சியின்ர பேரையும் போட்டுவிடுறன்."

திலகா சோறு குழைப்பதை நிறுத்தினாள்.

"எங்க, சொல்லுங்கோ பாப்பம் சேர். என்ர பேர் என்ன?"

மறுமுனையில் காகிதம் புரண்டது.

"பிள்ளை... சொல்லுங்கோவன், எழுதிறன்."

"நாளைக்குப் பேப்பரில வரும், சேர். பாத்து எழுதுங்கோ."