ரெண்டு பேர் குக்கர்

பேரனின் தாத்தாவுக்கு வணக்கம். கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

பேரனைப் பார்த்துக்கொள்ள வந்த நானேதான் சமையலையும் பார்க்கிறேன். இங்கே இருக்கும் குக்கர் சொப்புச் சாமான் மாதிரி இருக்கிறது. நேற்று மூன்று பேருக்கும் சேர்த்து அரிசி போட்டேன். விசிலைத் தள்ளிக்கொண்டு கஞ்சி மேடையெல்லாம் வழிந்தது. பயப்படாதீர்கள், கையில் படவில்லை. உங்கள் மகள் சிரிக்கிறாள்: "இது ரெண்டு பேருக்கான குக்கர்ம்மா!"

அப்போ நான் எந்தக் கணக்கு? அவளும் மாப்பிள்ளையும் சாப்பிட்டு எழுந்த பிறகு, எனக்கென்று தனியாக வைத்துத் தனியாகச் சாப்பிடுகிறேன்.

கிளம்பும்போது என் பெரிய குக்கரைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டு, "அங்கே இல்லாததா?" என்றீர்களே, அதை நான் மறக்கவில்லை. இந்தப் பக்கம் வருகிறவர்களிடம் அதைக் கொடுத்தனுப்புங்கள். எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றாகச் சோறு வேகட்டும்.

குழந்தை அழுகிறான். குக்கர் வராவிட்டால் அதையும் மறக்க மாட்டேன்.