சிங்கிள் என்று போட்ட டிக்

சான் ஹோசே,
3 டிசம்பர் 2000

அன்புள்ள ஜெபிக்கு,

ஷ்யாமளா எழுதுவது. இதை உன் வீட்டுக்கு அனுப்பாமல் ஆபீஸ் முகவரிக்கு அனுப்பியதன் காரணம் உனக்குத் தெரியும். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, கைப்பையில் வைக்காதே. கட்டின புருஷன் கிரிஸே உன் பையைக் குடைந்து பார்க்கிறவன் என்று நீதான் எழுதியிருந்தாய்.

நீ வெட்டி அனுப்பிய பத்திரிகைத் துண்டு வந்து சேர்ந்தது. தனியாக வாழ்கிறவர்களுக்கு ஏற்ற ஊர்கள் என்று பட்டியல் போட்டிருக்கிறான். எங்கள் ஊர் முதலிடம், உங்கள் டல்லாஸ் பதினேழாவது இடம். ஓரத்தில் பென்சிலால் ‘வரலாமா?’ என்று ஒரே ஒரு வார்த்தை. காலேஜில் நாலு பக்கம் கேட்டால் பத்துப் பக்கம் எழுதுகிறவள் நீ. அந்த ஒரு வார்த்தையும் இடது கையால் எழுதியது போலக் கோணிக்கொண்டு இருந்தது. வலது கை கார் கதவில் நசுங்கிவிட்டது என்று போனில் சொன்னாய். நியூஜெர்சியில், எடிசனில் செல்வராஜோடு குடும்பம் நடத்திய மூன்று வருஷமும் என்னையும் கதவுதான் இடித்துக்கொண்டிருந்தது ஜெபி.

ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் உடனே வா என்று எழுதியிருப்பேன். இப்போது நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தப் பட்டியல். எங்கள் காம்ப்ளெக்ஸில் பதினாலாம் நம்பர் வீட்டில் நம்ம ஊர் எஞ்சினியர்கள் ஆறு பேர். நாலு பேருடைய மனைவிகள் சென்னையில் விசாவுக்கு நிற்கிறார்கள். எண்ண வந்தவனுக்கு ஆறு பேரும் சிங்கிள்தான். நானோ வெள்ளிக்கிழமை சாயந்தரம் லாண்டரியில் உட்கார்ந்து துணி சுற்றுவதைப் பார்க்கிறேன். ஃப்ரீமான்ட் மளிகைக் கடைக்குப் போனால் கல்லாவில் இருக்கிற ஆன்ட்டி, “ஹஸ்பண்ட் வரலையாம்மா?” என்று கேட்பார். பார்க் பண்ணிக்கொண்டிருக்கிறார் என்பேன். ஒன்றரை வருஷமாக அவர் பார்க் பண்ணிக்கொண்டே இருக்கிறார்.

இனி நடந்ததைக் கேள். இங்குள்ள சின்னத் தமிழ்ச் சங்கத்தின் தீபாவளி விழாவுக்கு ஒரு படிவம் வந்தது. அதில் இரண்டு கட்டம்: குடும்பம், சிங்கிள். எடிசனில் இருந்தபோது சங்கப் புத்தகத்தில் ‘செல்வராஜ், குடும்பம்’ என்று இருக்கும். நான் அந்த ‘குடும்பம்’ என்ற சொல்லுக்குள் எங்கேயோ இருப்பேன். இந்தத் தடவை சிங்கிள் கட்டத்தில் பேனா முனை மறுபக்கம் தெரிகிற அளவுக்கு அழுத்தி டிக் போட்டேன். செயலாளர் சுவாமிநாதன் அங்கிள் விழா அன்றைக்கு உறுப்பினர் புத்தகம் கொடுத்தார். என் பெயர், தெரு, அபார்ட்மெண்ட் நம்பர், ஒரு பிழையில்லாமல் அச்சாகியிருந்தது. சந்தோஷமாக இருந்தது. அந்தப் புத்தகத்தை மற்ற ஊர்ச் சங்கங்களுக்கும் மரியாதைக்கு ஒரு பிரதி அனுப்புவார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஒருத்தி ஓடிவந்து ஒளிந்திருப்பாள் என்பது அவருக்கும் தோன்றவில்லை.

நவம்பர் பதினெட்டு, சனிக்கிழமை, காலை பத்து மணி. தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினார்கள். கதவுத் துவாரம் வழியாகப் பார்த்தால் ஒரு ஸ்வீட் பாக்ஸ் மட்டும் தெரிந்தது. சங்கத்தில் மிஞ்சியதைக் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கதவுச் சங்கிலியை மாட்டியபடியே திறந்தேன். ஒரே உதை. சங்கிலி ஆணியோடு பிய்ந்து வந்து என் கன்னத்தைக் கிழித்தது. செல்வராஜ்.

என் முடியைப் பிடித்து முகத்தைச் சமையல் மேடையில் மூன்று தடவை மோதினான். முன்பல் இரண்டும் அங்கேயே விழுந்தன. சட்டைப் பையிலிருந்து அந்தப் புத்தகப் பக்கத்தை எடுத்து, “சிங்கிளாடி நீ? யாருக்குடி சிங்கிள்?” என்று கேட்டுக்கொண்டே என் வாயில் திணித்தான். தொண்டைவரை காகிதமும் ரத்தமும். மூச்சு முட்டியது. கதவு திறந்தே கிடந்தது. பதினாலாம் நம்பர் தீபக் சத்தம் கேட்டு வந்து நின்றான். நான் அவனைப் பார்த்தேன், அவனும் என்னைப் பார்த்தான். செல்வராஜ் அவனிடம், நான் இவளுடைய ஹஸ்பண்ட் என்றான். தீபக் சாரி சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது. கல்லைக் கைப்பிடியோடு தூக்கி அவன் முகத்தில் அடித்தேன். தோல் பொசுங்குகிற சத்தம் கேட்டது. மறுபடியும் அடித்தேன், விழுந்தான். விழுந்த பிறகும் ஒரு தடவை அடித்தேன். அந்த மூன்றாவது அடி தேவையில்லாதது, ஆனாலும் எனக்கு வருத்தமில்லை.

போலீஸுக்குப் போன் பண்ணியது கீழ்வீட்டு வியட்நாம்காரி. அவளும் தனியாள்தான். அவளுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது, லிஃப்டில் சிரித்துக்கொள்வதோடு சரி. வந்த பெண் போலீஸ் என்னிடம், கல்யாணம் ஆனவளா, சிங்கிளா என்று கேட்டாள். வாயில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்கைத் துப்பிவிட்டு சிங்கிள் என்றேன். தரையில் கிடந்தவன், இவள் என் பெண்டாட்டி என்றான். நியூஜெர்சி கோர்ட்டில் விவாகரத்து இன்னும் முடியவில்லை, சட்டப்படி அவன் சொன்னதுதான் சரி. அவள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டாள். அவனுக்கு விலங்கு மாட்டினாள். இப்போது ஜெயிலில் இருக்கிறான், வெளியே வந்தாலும் என் பக்கம் வரக் கூடாது என்று உத்தரவு. தோசைக்கல்லைச் சாட்சி என்று பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு வாரமாக இட்லிதான், பல் போனவளுக்கு அதுவும் தோதாகத்தான் இருக்கிறது.

மறுநாள் தீபக் வந்து தலையைக் குனிந்துகொண்டு, “ஃபேமிலி மேட்டர்னு நெனச்சுட்டேன்க்கா, நாம எதுக்கு இன்வால்வ் ஆகணும்னு போய்ட்டேன்” என்றான். நான் சிங்கிளாக இருந்திருந்தால் உள்ளே வந்திருப்பாயா என்று கேட்டேன். கடைக்குப் போனான். புதுச் சங்கிலி வாங்கிவந்து நீள ஆணியாகப் போட்டு முடுக்கிக் கொடுத்தான். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை எனக்கு.

ஆகவே அந்தப் பட்டியலை நம்பி வராதே. இங்கே எத்தனை ஹோட்டல், எத்தனை ஆண்கள் என்று எண்ணியவன், கத்தினால் யார் வருவார்கள் என்று எண்ணவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். எடிசனில் செல்வராஜ் சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்தான். இங்கே உடைத்துக்கொண்டுதான் வர முடிந்தது. உடைத்தால் சத்தம் கேட்கும், கேட்கிறவள் யாராவது போன் பண்ணுவாள். உன் வீட்டில் அவனிடம் சாவி இருக்கிறது.

பாஸ்போர்ட், விசா காகிதங்கள், சர்டிபிகேட், இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு வா. நகையைத் தேடிக்கொண்டு நிற்காதே. உங்கள் சர்ச்சில் யாரிடமும் சொல்லாதே, பாஸ்டர் மனைவியிடம்கூட. நல்ல மனசோடுதான் கிரிஸிடம் சொல்லிவிடுவார்கள். ஆபீஸிலிருந்தே ஏர்போர்ட்டுக்குப் போ. இங்கே வேலைக்கு என் மேனேஜரிடம் பேசியிருக்கிறேன்.

பொங்கல் விழாப் படிவம் வந்துவிட்டது. முகவரியை அச்சில் போட வேண்டாம் என்றேன், சுவாமிநாதன் அங்கிள் போனிலேயே அழுதுவிட்டார். கட்டம் அதே இரண்டுதான். இந்தத் தடவை ‘குடும்பம்’ என்பதில் டிக் போட்டிருக்கிறேன். எத்தனை பேர் என்ற இடத்தில் இரண்டு என்று எழுதிவிட்டேன். பதினைந்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

நீ கும்பிடுகிற கர்த்தர் உன் வலது கையைப் பிடித்துக் கூட்டிவரட்டும். அது வலித்தால் இடது கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

கதவுக்கு இந்தப் பக்கம் காத்திருக்கும்,
ஷ்யாமளா