அப்பா உட்கார்ந்த பிறகு கேள்

வடக்கு மின்னசோட்டா
மார்ச், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மார்லிஸ்,

நாங்கள் இருவரும் எழுந்து நடமாடுகிறோம். டூசான் ஊர் வெயிலில் நீ உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். பக்கத்து வீட்டு வில்ஹோ போனில் உளறுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். போன வாரம் அப்பா விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டுதான் வீங்கியிருக்கிறது. சனிக்கிழமை நீராவிக் குளியலுக்காக சவுனா அறை அடுப்புக்கு விறகு அள்ளிக்கொண்டு பனியில் போய்க்கொண்டிருந்தார், தண்ணீர்க் குழாயை மூடினீர்களா என்று நான் பின்னாலிருந்து கேட்டேன், பதில் சொல்லத் திரும்பியவர் விறகோடு சரிந்துவிட்டார். டாக்டர் அனுப்பி, நடைப்பயிற்சி கொடுக்கும் ஷானா என்ற பெண் வீட்டுக்கு வந்தாள். சமையலறையிலிருந்து வாசல்வரை நடக்கச் சொன்னாள், நன்றாகவே நடந்தார். அடுத்து மீன்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே நடக்கச் சொன்னாள், பாதி வழியில் கால் நின்றுவிட்டது, கை சுவரைத் தேடியது. "ஏம்மா, மீனைப் பிடின்னா பிடிச்சுத் தர்றேன். நடந்துகிட்டே பேரு சொல்லுன்னா எப்படி?" என்றார், அதையும் நின்றுகொண்டுதான் சொன்னார். வயதானபின் சிலருக்கு நடையே மூளைக்கு முழு வேலையாகிவிடுமாம், கூடவே பேச்சையும் சுமத்தினால் இரண்டில் ஒன்று தடுமாறும் என்றாள் ஷானா.

இந்தக் குளிர்காலம் முழுக்க நடந்து போகிறவரிடம் எதைக் கேட்டாலும் பதில் வந்ததில்லை. வேறு மனிதர்களாக இருந்தால் கவனித்திருப்பார்கள், நம் ஃபின்னிஷ் குடும்பங்களில் ஓர் ஆண் வாயைத் திறக்கவில்லை என்பது ஒரு செய்தியா? கோபம் என்றே நினைத்தேன், சமாதானம் செய்ய இன்னும் அதிகமாகப் பேசிக்கொண்டு பின்னாலேயே போனேன். நீயும் அப்படித்தான் நினைத்துவிட்டாய். டவுனில் உள்ள முதியோர் குடியிருப்புக்கு எப்போது போகப்போகிறீர்கள் என்று நீ போனில் கேட்டபோது அவர் காதில் போனை வைத்துக்கொண்டு நிலவறைப் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்தது கோபத்தால் அல்ல மார்லிஸ். அதன்பிறகு நீ கூப்பிடவே இல்லை.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பனி உருகி இரவில் மறுபடி உறைகிறது, சவுனாப் பலகை வழுக்குகிறது, அடுப்போ தகிக்கிறது. காபிக் கோப்பையோடு அவர் வரும் காலடி ஓசை நின்றால் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். மாதக் கடைசியில் ஷானா மறுபடி வருவாள். நடை தேறவில்லை என்றால் இந்த வீட்டில் இருவரும் தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டருக்கு எழுதிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். தினமும் பயிற்சி செய்கிறார், விறகை இப்போது சறுக்குவண்டியில் இழுக்கிறோம். வழியில் நான் வாயைத் திறப்பதில்லை. "என்ன ஐலி, கிழவனோட மறுபடியும் சண்டையா? இத்தனை வருஷத்துல நீ பேசாம நடந்து நான் பார்த்ததே இல்லையே" என்று வில்ஹோ வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேலி செய்கிறார்.

நேற்று சவுனாவில் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்ததும், காலையிலிருந்து நான் கேட்காமல் சேர்த்து வைத்திருந்த கேள்விகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். குழாயை மூடியாகிவிட்டதாம். மார்லிஸ் கேட்டதற்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்றேன். "அதுக்குப் பதில் இருக்கு. அவதானே கேட்டா, அவகிட்டயே சொல்லிக்கிறேன்" என்றார். எனக்குச் சொல்ல மாட்டாராம்.

கடவுள் உனக்கு நல்ல சுகத்தையும் பொறுமையையும் தரட்டும். சனிக்கிழமை கூப்பிடு. முதலில் உட்காருங்கப்பா என்று சொல், நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும்வரை காத்திரு, பிறகு கேள்.

அன்புடன் உன் அம்மா,
ஐலி