பெட்டியின் மறுபக்கம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பாவின் முழங்கால்தான் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி இங்கே எல்லாரும் சுகம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். தம்பி குடிபோன புது வீட்டில் முதல் நாளே குழாய் ஒழுகியது, அக்கா அப்பவே திறந்து பாருன்னு சொன்னாளே என்று புலம்புகிறான். சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் ஒருவேளை இப்படி ஆயிட்டா என்று கேட்பாய், நல்ல வார்த்தையே வாயில வராதா என்று அப்பா சலித்துக்கொள்வார். அப்படிக் கேட்பதற்கே சம்பளம் கொடுப்பார்கள் என்று எங்களுக்கு எங்கே தெரியும்.

ஆபரேஷனுக்குச் சிறுநீரகம் கொண்டுபோக உங்கள் கம்பெனி செய்த அந்த ஐஸ் பெட்டிக்காக நீ மேலதிகாரியிடம் மல்லுக்கு நின்றாயே. சூடு பார்க்கிற சென்சார் ஒரு பக்கம்தான் இருக்கிறது, வண்டி குலுங்கி ஐஸ் நகர்ந்தால் மறுபக்கம் சூடேறுவது யாருக்கும் தெரியாது என்றாய். ஆயிரத்துல ஒரு தடவை நடக்கிறதுக்கா இவ்வளவு தாமதம் என்றாராம் அவர், ஆபரேஷனுக்குக் காத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கு அந்த ஒரு தடவைதான் சார் இருக்கு என்று சொல்லிவிட்டு, பெட்டி சரி என்று கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தாய். வேலை போயிடுமோ என்று அப்பா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடந்தார். பெட்டியைக் குண்டும் குழியுமான சாலையில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது, ஐஸுக்குத் தடுப்பு, மறுபக்கமும் ஒரு சென்சார், கூடவே அலாரம் என்று மாற்றினார்கள்.

நேற்று நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மழையில் பாலம் அடைபட்டு ஆம்புலன்ஸ் மண் சாலையில் சுற்றிப் போனது, அந்தத் தடுப்பும் விலகி அலாரம் அடித்தது, கூடப் போன நர்ஸ் உடனே திறந்து ஐஸைச் சரிசெய்தது, அதைப் பொருத்திக்கொண்ட ஓர் ஆசிரியைக்கு இப்போது அந்தச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்வது. அப்பா சலூனில் பாதிச் சவரத்தில் எழுந்து, ஐஸ் எப்படி நகரும் என்று கையை ஆட்டிக் காட்டினாராம், கடைக்காரர் கத்தியோடு பதறிப்போனாராம்.

எனக்கு என்னவோ அந்தச் சிறுநீரகத்தைக் கொடுத்தவர்களின் வீடுதான் கண்ணில் நிற்கிறது. அங்கேயும் ஒரு அம்மா இருப்பாள், பிள்ளையைப் பறிகொடுத்த நேரத்திலும் யாரோ பிழைக்கட்டும் என்று சம்மதித்திருப்பாள். அவள் கொடுத்தது வழியில் வீணாகவில்லை. அதில் என் மகளின் கையும் இருக்கிறது என்று நினைத்தால் நெஞ்சு கொள்ளவில்லை.

அந்த மேலதிகாரி இப்போது உன்னோடுதான் சாப்பிடுகிறாராமே, பழசைக் கிளறாதே. கண் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. நூறு வயசு நிறைவாக இரு, கண்ணே.

உன்னைப் பெற்றதில் பூரித்துப்போன
அம்மா