பத்து சேர்க்கும் விளையாட்டு

தி.நகர், சென்னை-17
19-9-1971

அன்பு மகள் தங்கபுஷ்பத்துக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அதே போல இருக்க முருகன் துணை. அப்பாவுக்கு ஜவுளிக்கடையில் தீபாவளி வேலை ஆரம்பித்துவிட்டது, முழங்கால் வலிக்கு எண்ணெய் தடவிக்கொள் என்றால் கேட்பதில்லை.

தேனாம்பேட்டைப் பள்ளியில் இந்த வருஷமும் எனக்கு ஒன்றாம் வகுப்புதான், நாற்பத்து மூன்று பிள்ளைகள். நூறு வரைக்கும் பாட்டு மாதிரி ஒப்பிக்கிறார்கள், நாலு சாக்பீஸ் எடுத்துத் தா என்றால் கைநிறைய அள்ளித் தருகிறார்கள். அதனால் அப்பா கொண்டுவந்த புடவைப் பெட்டி மூடியில் நூறு கட்டம் போட்டேன், காய்க்குப் பழைய சட்டைப் பொத்தான், உருட்ட ஆறு பக்கமும் புள்ளி வைத்த மரத்துண்டு. பிள்ளைகள் மணி அடித்தாலும் எழுந்திருக்கவில்லை. பங்கஜம் என்றொரு பெண், அதிகம் பேசாது, ஆசையில் அந்தக் கட்டையைப் பாவாடையில் முடிந்து வீட்டுக்கே கொண்டு போய்விட்டது. மறுநாள் காலை அவள் அம்மா சொர்ணம், கீரை விற்கிறவள், வாசலில் நின்று, கட்டையைத் திருப்பி நீட்டி, "எம் புருசன் கூலிய கிண்டில குதிரை தின்னுது, நீ இன்னா டீச்சரு எம் பொண்ணுக்கும் உருட்டக் கத்துக் குடுக்கிற" என்று தெருவே கேட்கக் கத்தினாள். தலைமையாசிரியை எல்லாவற்றையும் பீரோவில் பூட்டி, சிலேட்டே போதும் என்று சொல்லிவிட்டார்.

எனக்குக் கோபம்தான். ஆனால் ராத்திரி சோறு போடும்போது யோசித்தேன், அவள் வயிற்றெரிச்சல் பொய்யில்லை. அதோடு கட்டை எத்தனை சொல்கிறதோ அத்தனை நகர்த்துவதில் பிள்ளையின் மூளைக்கு என்ன வேலை, எல்லாம் அதிர்ஷ்டம்தானே. கடையில் புதுச் சட்டை மடிப்புக்குள் வைக்கிற அட்டைகளை வெட்டி ஒன்று முதல் ஒன்பது வரை எழுதி, கீழே அத்தனை புள்ளியும் வைத்தேன். ஐந்து மட்டும் நாலு அட்டை, மற்றதெல்லாம் இரண்டிரண்டு. எல்லாவற்றையும் பார்வைக்குப் பரப்பிவிட வேண்டும், பத்து சேரும் ஜோடியை யார் முதலில் காண்கிறார்களோ அவர்களுக்கு அது. தலைமையாசிரியையிடம் போய், சனிக்கிழமை சொர்ணத்தைக் கூப்பிடுகிறேன், அவள் வேண்டாம் என்றால் நானே அடுப்பில் போடுகிறேன் என்றேன். சரி என்றார்.

சொர்ணம் வந்தாள், கூடையை இறக்கவில்லை. பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவள் மெதுவாகக் கூடையை வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். படிக்காதவள், புள்ளியைப் பார்த்தே எடுக்கிறாள், என் கை போவதற்குள் ஜோடி அவள் மடியில். "இன்னா டீச்சர், எட்டுக்கு ரெண்டு உன் மூக்காண்டயே கீது" என்கிறாள். இரண்டு ஆட்டமும் நான் தோற்றேன், பங்கஜம் கை தட்டித் தட்டிச் சிரித்தது. போகும்போது ஓர் அட்டையில் விரல் வைத்து, "ஏழுன்னா இப்டித்தான் எழுதுவாங்களா, பஸ்ஸுல போட்டிருப்பானே" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எல்லா அட்டையையும் ஒருமுறை வரிசையாகக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கூடையைத் தூக்கினாள். பீரோ திறந்துவிட்டது. மரக்கட்டையை மட்டும் நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் பிள்ளைக்கும் ஒரு கட்டு அட்டை பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கூட்டல் வரவில்லை என்று எழுதியிருந்தாய், வந்துவிடும், பயப்படாதே. தரையில் உட்கார்ந்து அவனோடு நீயும் ஆடு. புஷ்பம், உன்னை ஸ்கேலால் அடித்துத்தான் நான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன், ஏழாம் வாய்ப்பாட்டுக்கு உன் விரல் வீங்கியது எனக்கு மறக்கவில்லை. அது தப்பு. அவனை அடிக்காதே, மாப்பிள்ளையையும் அடிக்க விடாதே.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். பார்சல் கிடைத்ததும் ஒரு கார்டு போடு.

உன் அம்மா
சுந்தரவல்லி